முதுகில் பாடிப் பார்த்த பாட்டு

சருகுப்பாறையில் சத்தம் ஆட்களின் தோலில் விழத் தொடங்கியது ஒரு பங்குனி மாதச் சந்தை நாளில். மண்டிக்காரர் தருமலிங்கம் தராசுக்குப் பக்கத்தில் நின்று, புளி கொண்டுவந்த ஒருவனை வைதுகொண்டிருந்தபோது எதிர்க்கடையில் ஒரு குண்டான் கைதவறிக் கீழே விழுந்தது. அந்தச் சத்தம் சந்தையில் இருந்த எல்லோருடைய காதுக்கும் வழக்கம்போலப் போய்ச் சேர்ந்தது. மண்டிக்காரருக்கு மட்டும் நேராக வந்து இடது கன்னத்தில் பட்டு, குண்டானின் விளிம்பு அளவுக்குத் தடித்து நின்றது. அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டே, "எவன்டா அது?" என்று கேட்டார். கேட்ட கேள்வி அவர் உதட்டையே கீறிக்கொண்டு வெளியே வந்தது. பொழுது சாய்வதற்குள் அவர் மனைவி சௌந்தரவல்லிக்கும், மகனுக்கும், மருமகளுக்கும் அப்படியே ஆயிற்று. பின்னால் பிறந்த பேத்தி தேனு, தன் முதல் அழுகையாலேயே வாயோரம் புண்ணாகி, அதற்கப்புறம் அழுவதையே விட்டுவிட்டாள்.

ஏன் இப்படி என்று ஊர் ரொம்ப நாள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. தராசை அழுத்திய கைக்கு ஊர் அம்மன் காட்டுநாச்சி கொடுத்த கூலி என்று சிலர் காதோடு காதாகச் சொன்னார்கள். அப்படியானால் ஒச்சம்மாவின் மகள் பவளம் எந்தத் தராசை அழுத்தினாள்? அந்த வீட்டுக்கு வெளியே சத்தம் தோலில் விழுந்த ஒரே உடம்பு அவளுடையதுதான். ஒச்சம்மா மண்டியின் கொட்டகையில் புளி தட்டிக் கொட்டை எடுக்கிறவள். அன்றைக்கு அவள் பக்கத்தில் சாக்கில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த பாவாடைச் சிறுமி, எங்கேயோ ஒரு நாய் குரைத்ததற்குத் தோளில் பல் பதிந்து எழுந்தாள். மண்டி வீட்டுக்கு வந்தது இவளுக்கும் வந்திருக்கிறதே, ரத்தம் ஒன்றோ என்று ஊர் வாய் மென்றது. அது பச்சைப் பொய். பொய்யாக இருந்தால் என்ன, ஒச்சம்மாவின் புருஷன் அதைக் கேட்டுவிட்டுத் திருப்பூர் பஸ்ஸில் ஏறிப் போனவன் திரும்பவே இல்லை.

காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார்கள், கம்பளியைச் சுற்றிப் பார்த்தார்கள், ஒன்றும் எடுபடவில்லை. காது வழியாகப் போகிற சத்தமாக இருந்தால்தானே பஞ்சு தடுக்கும். சுவரும் தூரமும்தான் கொஞ்சம் உதவின. ஆகவே ஊரே அடங்கிப்போவது என்று முடிவாயிற்று. கோயில் மணிக்குச் சாக்குச் சுற்றினார்கள். சேவல்களையெல்லாம் அடித்துத் தின்றார்கள், ஊரில் அப்படி ஒரு கறி மணம் அதற்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை. நாய்களை மலைக்கு அந்தப்பக்கம் ஓட்டிவிட்டார்கள். பஸ் ஊர் எல்லைக்கு வந்ததும் எஞ்சினை அணைத்துவிட, டிக்கெட் வாங்கிய சனம் இறங்கி அதைத் தள்ளிக்கொண்டு ஊரைக் கடந்தது. கல்யாணத்துக்கு மேளம் போய், சாவுக்கு அழுகை போய், குழாயடிச் சண்டைகள் கைச்சாடையில் நடந்தன. வாயால் சொல்லக் கூசியதையெல்லாம் கை கூசாமல் சொன்னதால் சண்டைகள் முன்னைவிட அசிங்கமாயின. குசுகுசுப்பு மட்டும் வெறும் காந்தலோடு போய்விடும் என்பதால் ஊர் முழுக்க ரகசியம் பேசுவதுபோலவே பேசியது. மண்டிக் கூரையில் காலையும் மாலையும் வேலை நேரத்துக்கு ஊதுகிற மின்சாரச் சங்கை இறக்கிப் பாழுங்கிணற்றில் போட்டு, மேலே புளி ஓட்டைக் கொட்டி மூடினார்கள். அந்தச் சங்கின் பேரைச் சொல்லவே ஆட்கள் பயந்தார்கள். இத்தனையும் இரக்கத்தால் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சருகுப்பாறையின் ஒவ்வொரு வீட்டுச் சோறும் மண்டித் தராசைத் தாண்டித்தான் அடுப்புக்கு வந்தது.

ஆனால் சத்தமே இல்லாமல் ஒரு ஊர் எத்தனை நாள் ஓடும்? செக்கு ஓட வேண்டும், மோட்டார் தண்ணீர் இறைக்க வேண்டும். எது எவ்வளவு தூரத்தில் இருந்தால் தாங்கும் என்று யாரிடமாவது வைத்துப் பார்க்க வேண்டும். மண்டிக்காரரிடம் பார்க்க முடியாது. அப்போதுதான் கம்பவுண்டர் செல்லையா, ஊருக்கெல்லாம் ஊசி போடுகிறவர், பூதக்கண்ணாடி வைத்திருந்த ஒரே மனிதர், பவளத்தின் பேரைச் சொன்னார். சின்ன உடம்பு, தெளிவாகத் தெரியும் என்றார்.

கோயில் முன்மண்டபத்தில் ஒரு பலகை போட்டார்கள். இரண்டு பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடிக்க, பவளம் ரவிக்கையின் பின்பக்கத்தைத் திறந்து குப்புறப் படுக்க வேண்டும். சத்தம் எழுப்பப்படும். செல்லையா குனிந்து பூதக்கண்ணாடியால் பார்ப்பார். சிவந்திருந்தால் காந்தல், அது ஊருக்குள் ஆகும். வீங்கியிருந்தால் தடிப்பு, அது தள்ளி இருக்க வேண்டும். ரத்தம் வந்தால் வெட்டு, அந்தச் சத்தத்துக்குச் சருகுப்பாறையில் இடமில்லை. முதலில் செக்கு மோட்டார் வந்தது, பிறகு அம்மி, பிறகு மிக்ஸி, பிறகு புதிதாகக் கட்டிக்கொண்டு வந்த ஒரு மருமகளின் இருமல். பவளம் வளர்ந்தாள், முதுகும் வளர்ந்தது, முதுகில் இடமும் கூடியது. ஊர் தன் சத்தங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அதில் வைத்துப் பார்த்தது.

இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள். ஒரு சத்தம் தாங்காத ஓர் உடம்பில் விழுந்துவிட்டால் அதோடு தீர்ந்துபோகும், அதற்குப் பின்னால் நிற்கிற தாங்காத உடம்புக்கு வராது. இது தெரிந்த நாளிலிருந்து சௌந்தரவல்லி தெருவில் இறங்கினால் முன்னால் பவளம் நடந்தாள்.

இதற்கெல்லாம் பதிலாக ஒச்சம்மாவுக்குக் கொட்டகையில் காற்று வருகிற மூலை கிடைத்தது. அவள் வேண்டாமென்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பேசிப் பிரயோசனமில்லை, அவள் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகள் முதுகில் வேப்பெண்ணெய் தடவுவாள், தடவும்போது வாயை இறுக்க மூடிக்கொள்வாள், தன் பெருமூச்சும் ஒரு சத்தம்தானே என்று பயந்து.

ஒரு நாள் கொட்டகையில், துணி சுற்றிய கட்டையால் புளியைத் தட்டிக்கொண்டிருந்தவள் தன்னை மறந்து பழைய பாட்டை முனகிவிட்டாள். புளி தட்டுகிற பெண்கள் எல்லோரும் ஒரு காலத்தில் பாடியது அது. பவளத்தை உத்திரத்தில் தூளி கட்டிப் போட்டிருந்த நாட்களில் கொட்டகையே சேர்ந்து அதைப் பாடித்தான் அவளைத் தூங்கவைத்தது.

*ஓடு ஓடா ஒடச்சு வையி ஒய்யாரப் புளியம்பழம்,*
*நாரு நாரா உரிச்சு வையி நாச்சியாரு வாசலுக்கு,*
*கொட்ட ஒண்ணும் தங்க வேணாம், கூடையெல்லாம் பூப்போல.*

முனகியது நினைவுக்கு வந்ததும் உயிர் போனது ஒச்சம்மாவுக்கு. திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் சாய்ந்திருந்த பவளத்தின் தோலில் ஒன்றுமே இல்லை. காந்தல்கூட இல்லை. பெண்ணின் முகம் எண்ணெய் வைத்து நீவியதுபோலத் தளர்ந்திருந்தது. அவள் தாயின் முழங்கையைத் தொட்டு, குசுகுசுவென்று, "பாடும்மா. அது அடிக்கல. எம்மேல வந்து ஒக்காருது" என்றாள்.

ஒச்சம்மா இன்னொரு வரி பாடினாள். அந்த நேரம் பார்த்துக் கொட்டகை வாசலில் சௌந்தரவல்லி வந்து நின்றாள். வரியின் நுனி மட்டும்தான் அங்கே போயிருக்கும். அந்த அம்மாளின் புறங்கையில் தோல், முற்றிய பழத்தின் ஓடுபோலச் சட்டென்று விலகி எழும்பியது. எந்தச் சத்தம் என்று அவளுக்குத் தெரியவில்லை. சுற்றிலும் பார்த்தாள், கையைப் பொத்திக்கொண்டாள், சாடையால் நாலு பேரைத் திட்டிவிட்டுப் போனாள். ஒச்சம்மா குனிந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிப்போயிற்று. விளங்கியதை மடியில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு புளியமரங்கள் பூத்துப் பூத்துக் கொட்டின, காய் பிடிக்கவில்லை. ஒரு வருஷம் பொறுத்தார்கள், மறு வருஷமும் அப்படியே ஆகவும் மண்டி காலியாகி, ஊர் வயிற்றில் ஈரத்துணி விழுந்தது. காட்டுநாச்சிக்குப் பொங்கல் வைத்து வருஷக்கணக்காகிறதே, அம்மன் கோபித்துக்கொண்டாள் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞானம் வந்தது. பொங்கல் வைப்பது லேசு. ஆனால் புளி தட்டுகிற பெண்கள் அந்தப் பாட்டை முழுதாகப் பாடி முடித்தால்தான் அம்மன் பீடத்தை விட்டு எழுந்து ஊருக்குள் வருவாள், அது முறை. பாட்டை எடுத்துவிட்டால் பாதியில் விடக்கூடாது, அதுவும் முறை. பாடி முடிகிறவரை முதல் மரியாதைக்காரர் குடும்பத்தோடு பரிவட்டம் கட்டி, அம்மனுக்கு நேர் எதிரே, நடுவில் ஈ காக்கை இல்லாமல், கையில் தட்டேந்தி அசையாமல் நிற்க வேண்டும்; அசைந்தால் மரியாதை பங்காளிக்குப் போய்விடும். பங்காளி கார்மேகம் தருமலிங்கத்தின் சித்தப்பா மகன். அவனுக்குச் சத்தம் காதில்தான் விழுந்தது. அவன் காத்துக்கொண்டிருந்தான் என்பது மண்டிக்காரருக்கும் தெரியும்.

ஆகவே கம்பவுண்டர் செல்லையா ஒச்சம்மாவைத் தேடிக் கொட்டகைக்கு வந்தார்.

"ஒச்சம்மா, நாச்சிக்குப் பொங்க வைக்கிறதா முடிவாயிருச்சு. பாட்ட முழுசா எடுத்துக் குடுக்க நீதான் இருக்க. அதுக்கு முன்ன ஒருக்கா வச்சுப் பாத்துருவோம்" என்று குசுகுசுத்தார்.

"பாத்துருவோம்ண்ணே."

"பாட்டு எப்படி, மெதுவான பாட்டுதான? எனக்கு ஞாவகமே இல்ல."

"எம்புள்ளயத் தூளியில போட்டு ஆட்டுன பாட்டுண்ணே அது. எம்புட்டு மெதுவுன்னு நீங்களே கண்ணாடி வச்சுப் பாத்துக்கங்க."

உண்மையைத்தான் சொன்னாள், ஒளிக்கவில்லை. செல்லையா தலையாட்டிக்கொண்டார். தூளிப் பாட்டு என்றால் நல்லதுதான், காந்தலோடு போய்விடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நடந்தார். ஊர்க்காரர்களுக்குப் பவளம் ஒரு முதுகு. அந்த முதுகும் ஒரு காலத்தில் குழந்தையாய்க் கிடந்து, யார் பாட்டுக்கோ தூங்கியிருக்கும் என்பது ஊரில் ஒருவர் நினைப்பிலும் வரவில்லை.

சோதனைக்கு ஊர் திரண்டுவிட்டது. பலகை போட்டார்கள், சேலை பிடித்தார்கள், பவளம் குப்புறப் படுத்துக் கன்னத்தைப் பலகையில் வைத்துக்கொண்டாள். மண்டி வீட்டார் தூரத்தில், தங்கள் வீட்டுச் சுவர்களுக்குள் இருந்தார்கள். முடிவைப் போய்ச் சொல்லக் கார்மேகம் வந்திருந்தான்; வந்தவன் முகத்தில் கவலை இல்லை. ஒச்சம்மா தூணோரம் நின்று தாழ்ந்த குரலில் ஓடு உடைக்கும் வரியை எடுத்தாள்.

செல்லையா குனிந்து பார்த்தார். நிமிர்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "கொஞ்சம் கிட்ட வா" என்று சாடை காட்டினார். அவள் கிட்ட வந்தாள். "இன்னும் ஏத்தி" என்று கையை உயர்த்தினார். அவள் ஏற்றினாள். மற்ற பெண்களையும் சேர்ந்துகொள்ளச் சொன்னார், சேர்ந்தார்கள். ஊரில் பல வருஷமாக வெளியே வராத முழுத்தொண்டை மண்டபத்துக் கல்லில் பட்டு எழுந்தபோது கூட்டம் பயந்து பின்வாங்கியது. பலகையில் கிடந்த முதுகில் பழைய தழும்புகள் இருந்த இடத்தில் இருந்தன. புதிதாக ஒரு சிவப்புப் புள்ளி இல்லை. பவளம் கண்ணை மூடிக்கொண்டு, நனைந்த கன்னத்தோடு, வாய் லேசாகத் திறந்தபடி கிடந்தாள். தூங்கியே போய்விட்டாளோ என்று சேலை பிடித்த பெண் எட்டிப் பார்த்தாள்.

"என் சர்வீசுல இப்படி ஒண்ணு பாத்ததில்ல" என்றார் செல்லையா. "ஒரு தும்மலுக்குக்கூட இந்த ஒடம்பு தப்புனதில்லய்யா. இந்தப் பாட்டுக்குக் காந்தல்கூட இல்ல."

"வார்த்தையில வில்லங்கம் எதுவும் இருக்கா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"என்ன வில்லங்கம்? ஒடைக்கிறது, உரிக்கிறது, கொட்ட எடுக்கிறது. புளியத்தான உரிக்கிறாங்க, ஆளயா?" என்றான் கார்மேகம். எல்லோரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள். பாட்டு தாங்காதவர்களுக்கு முழுக்க ஏற்றது என்று முடிவாகி, மண்டி வீட்டுக்குச் சேதி போயிற்று.

வீட்டுக்கு நடக்கும்போது பவளம் தாயின் கையைப் பிடித்து நிறுத்தினாள். இடுப்பு உயரத்துக்குக் கையை வைத்துக் காட்டினாள்; பிறகு இரண்டு உள்ளங்கையையும் விரித்து, தட்டேந்துவதுபோலப் பிடித்தாள். தேனுவும் அங்கே நிற்கும் என்று அர்த்தம். மண்டி வீட்டுப் பேத்திக்கு விளையாட இந்த உலகத்தில் பவளத்தை விட்டால் ஆளில்லை. கோழி இறகையும் இலவம்பஞ்சையும் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் மணிக்கணக்காகச் சத்தமில்லாமல் இருப்பார்கள். அந்தக் குழந்தை பேசிய சாடைகள் எல்லாம் பவளம் கற்றுக்கொடுத்தவை. மகளுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது என்று ஒச்சம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. சௌந்தரவல்லியின் புறங்கையை அவளும்தானே பார்த்தாள்.

மண்டி வீட்டார் இல்லாமல் போனால் சோதனை இல்லாமல் போகும், சோதனை இல்லாமல் போனால் மகளின் முதுகு ஆறும். ஒச்சம்மா போட்டு வைத்திருந்த கணக்கு அவ்வளவுதான், அதில் இடுப்பு உயரத்துக்கு ஒரு குழந்தை வந்து நிற்க அவள் இடம் வைக்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக் கீழே தாழ்த்தினாள்.

"நிக்கட்டும்" என்றாள்.

அந்தச் சொல் பவளத்தின் மணிக்கட்டில் சிவந்து நின்றது. ஒச்சம்மா அதைப் பார்த்தும் பார்க்காதவள்போல நடந்தாள்.

பொங்கலன்று வெயில் தாழ்ந்ததும் மண்டி வீட்டார் வந்தார்கள். தருமலிங்கம் பரிவட்டம் கட்டியிருந்தார், பட்டுச் சரசரப்பு காதோரம் காந்தினாலும் நிமிர்ந்து நடந்தார். சௌந்தரவல்லி முன்னால் நடந்த பவளத்தை வழக்கம்போல இரண்டு விரலால் ஒதுங்கச் சொல்லிவிட்டு அம்மனுக்கு எதிரே நின்றாள், அங்கே நடுவில் யாரும் நிற்கக் கூடாதே. பக்கத்தில் மகன், மருமகள், கடைசியில் சின்னத் தட்டோடு தேனு. கார்மேகம் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பாடுகிற பெண்கள் பீடத்தின் இரண்டு பக்கமும் வரிசை கட்டினார்கள். ஒச்சம்மா பாட்டை எடுத்தாள்.

ஓடு உடைக்கும் அடியில் மண்டிக்காரரின் நெற்றி முதல் நெஞ்சு வரை தோல் தட்டுத் தட்டாக எழும்பி விலகியது. தட்டேந்திய கை ஆடவில்லை. கார்மேகம் கட்டியிருந்த கையை அவிழ்த்தான். அதைக் கண்ணோரத்தில் பார்த்த தருமலிங்கம் தட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மனைவியும் மகனும் மருமகளும் அவரைப் பார்த்தார்கள், அவர் நிற்பதைப் பார்த்து அவர்களும் நின்றார்கள். பெண்களின் குரல் குழறியது. பாதியில் விடக்கூடாது என்று ஒருத்திக்கு ஒருத்தி முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். ஒச்சம்மாவின் குரல் மட்டும் கொஞ்சமும் பிசகாமல், சுதியோடு, ஒவ்வொரு வரிக்கும் முடிவில் நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டு போயிற்று.

நார் உரிக்கும் அடி தொடங்கி, தேனுவின் கன்னத்திலும் தோல் விலகியபோது பவளம் பாடுகிறவர்கள் வரிசையிலிருந்து ஓடினாள். யாரும் குறுக்கே வரக்கூடாத இடத்தில் குறுக்கே வந்து, தட்டைத் தட்டிவிட்டு, தேனுவைத் தரையோடு அணைத்து முழு உடம்பாலும் மூடிக்கொண்டாள். பாட்டு அவள் முதுகில் வந்து விழுந்தது. விழுந்து அங்கேயே தங்கியது, அதற்குக் கீழே போகவில்லை. ஒச்சம்மா அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே பாடினாள். கொட்டை எடுக்கும் அடி முடிகிறபோது மண்டி வீட்டார் நான்கு பேரும் நின்ற நிலையிலேயே நின்றிருந்தார்கள், உயிர்தான் இல்லை. பாட்டு முடிந்து அம்மன் பீடத்தை விட்டு எழுந்தாள். அப்புறம்தான் அவர்கள் விழுந்தார்கள். ஆகவே முதல் மரியாதை கடைசிவரை தருமலிங்கத்திடமே இருந்தது, அதை ஊர் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லும்.

ஒச்சம்மா மேல் ஒருவரும் குறை சொல்லவில்லை. சோதித்துத் தேறிய பாட்டை அவள் பாடினாள், அவ்வளவுதானே. "நானே பாத்தேன், காந்தல்கூட இல்ல" என்று செல்லையா கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். பாட்டில் பிழையில்லை என்றால் அம்மன்தான் எடுத்துக்கொண்டாள் என்று ஆயிற்று. அந்த வருஷம் புளி கொப்பு முறியக் காய்த்ததும் அதற்குச் சாட்சியாயிற்று.

தேனுவைக் கூட்டிப்போக அவளுடைய தாய்வழி மாமன் வந்தான். மலை மேல் தனி பங்களா, சுற்றிலும் சுவர், ஊருக்கு வெளியே நிறுத்திய காருக்குள் மெத்தை. குழந்தை பவளத்தின் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தெடுத்தார்கள்.

"அய்யா, இவளையும் ஏத்திக்கங்க. புள்ளைக்குத் தொணையா இருப்பா. ஒரு மூலையில கெடப்பா" என்று ஒச்சம்மா குசுகுசுத்துக் கும்பிட்டாள்.

"வண்டியில எடமில்லம்மா" என்றான் மாமன். பின்னிருக்கை காலியாகக் கிடந்தது.

துக்கம் கழிந்ததும் ஊர் கோயில் முன்மண்டபத்தில் கூடியது. மண்டிக்கு இப்போது கார்மேகம் முதலாளி. "இனி யாருக்காக வாயப் பொத்திக்கிட்டு இருக்கணும்?" என்று அவன் முழுக்குரலில் கேட்டான், கேட்டதும் கூட்டம் அதிர்ந்து, பிறகு சிரித்தது. ஆளாளுக்குத் தங்கள் குரலை எடுத்துப் பார்த்தார்கள். துருப்பிடித்திருந்தாலும் இருந்தது.

ஒச்சம்மா கூட்டத்தின் ஓரத்திலிருந்து எழுந்து, "எம்மக இருக்காளே" என்றாள்.

பவளத்தையும் சத்தம் அடிக்கும் என்பது பலருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கம்பவுண்டர் செல்லையாதான் பரிவோடு சொன்னார்.

"அவளுக்கென்ன ஒச்சம்மா, பழகுன ஒடம்பு. ஊருல இருக்க சத்தம் பூராம் அவ முதுகுல பாத்ததுதான. எதுக்காச்சும் செத்தாளா? மத்தவுக பழகல, அதான் போய்ச் சேந்துட்டாக."

அது சரிதான் என்று எல்லோருக்கும் பட்டது. சாக்குகளை அவிழ்த்தார்கள். மணி அடித்தது, பஸ் எஞ்சினோடு ஊருக்குள் நுழைந்தது, வெளியூர்ச் சேவல்கள் வந்திறங்கின, மலைக்கு அந்தப்பக்கம் போயிருந்த நாய்கள் எப்படியோ சேதி தெரிந்து பேரன் பேத்திகளோடு திரும்பின. இத்தனை வருஷம் போடாத மேளத்தை எல்லாம் சேர்த்துப் போட்டார்கள். இத்தனை வருஷம் அழாத சாவுகளுக்கெல்லாம் சேர்த்து அழுதார்கள். ஊர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

ஒச்சம்மா கொட்டகையின் மூலையில் மகளை மடியில் கிடத்திக்கொண்டு பாடத் தொடங்கினாள். அந்தப் பாட்டு மேலே கிடந்தவரை வேறு எதுவும் பவளத்தைத் தொடவில்லை, போர்வையின் மேல் விழுகிற கற்களாக மற்ற சத்தங்கள் அதன் மேலேயே விழுந்து நின்றன. ஆனால் ஊரின் சத்தத்தைவிட அவள் குரல் உசரத்தில் இருக்க வேண்டும். வரிக்கு வரி மூச்சு வாங்குகிற இடைவெளியில் என்ன வருமோ அது வந்தது: ஒரு வரிக்கு அப்புறம் ஒரு ஹாரன், ஒரு வரிக்கு அப்புறம் ஒரு குரைப்பு. மூச்சை நீட்டிக்கொள்ளப் பழகினாள். கஞ்சியை வரிக்கு நடுவில் விழுங்கினாள். ஓடு உடைக்கும் அடி முடிந்ததும் நார், நார் முடிந்ததும் கொட்டை, கொட்டை முடிந்ததும் மறுபடி ஓடு. அன்றைக்கு வரிசையில் நின்று அவ்வளவு நன்றாக வாங்கிய மூச்சு ஒவ்வொன்றையும் அவள் நினைத்துக்கொண்டாள். பவளம் சில நேரம் கண்ணைத் திறந்து, போதும் என்று கையால் காட்டுவாள். இவள் தலையை ஆட்டிவிட்டுப் பாடுவாள்.

ஒரு காலை நேரம் செல்லையா வந்து கொட்டகை வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் மண்டிக் கூரையில் இரண்டு ஆட்கள் எதையோ கயிறு கட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள், மேலெல்லாம் புளி ஓடு ஒட்டிய பெரிய எதையோ. ஒச்சம்மா பார்த்தாள். அது பவளத்தின் முதுகில் ஒரு முறைகூட வைத்துப் பார்க்கப்படாதது.

"ஒச்சம்மா, சங்கடமாத்தான் இருக்கு சொல்றதுக்கு" என்றார் செல்லையா. "எந்நேரமும் நீ இப்படித் தொண்டையக் கிழிச்சா எப்படி? தெருக்காரவுக பிராது குடுத்துருக்காக. பச்சப்புள்ளக தூங்க முடியலங்கிறாக. கொஞ்சம் நிப்பாட்டேன்."

அவள் பாடிக்கொண்டே தலையை ஆட்டினாள். பாடிக்கொண்டே கூரையைக் காட்டினாள், மடியைக் காட்டினாள், கையெடுத்துக் கும்பிட்டாள். வருஷக்கணக்காகச் சாடை பேசிய அதே ஊர்க்காரருக்கு இப்போது சாடை புரியவில்லை.

"என்ன சொல்ற? வாயத் தொறந்து சொல்லு தாயி, சொன்னாத்தான தெரியும்" என்றார்.

கூரையிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இவரிடம் சொன்னால் ஓடிப்போய் நிறுத்துவார், சொல்லாவிட்டால் யார் நிறுத்துவார் என்று அவளுக்குத் தோன்றியது. ஓடு உடைக்கும் வரியைப் பாதியில் விட்டாள்.

"அண்ணே, அந்தச் சங்க மட்டும்..." என்றாள்.

சங்கு ஊதியது.